லயத்து வீடும் சொந்த உலகமும்

இந்த வாரக் கட்டுரையைப் படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்றால் அவர்களிடம் இதைக் கேளுங்கள்: "நீங்கள் குடியிருந்த லயத்து வீடு யாருடையது?"

பெரும்பாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். முப்பது நாற்பது ஆண்டுகள் கூட்டிப் பெருக்கிய வீடு. வேலியில் செம்பருத்தி, கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் அவர்கள் நட்டவை. ஆனால் வீடு நிர்வாகத்துடையது. வேலை முடிந்தாலோ தோட்டம் கைமாறினாலோ சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். நான் பிறந்த லயம் நீலாய்க்கும் லாபுவுக்கும் இடையில் இருந்தது. எனக்கு எட்டு வயதானபோது எங்கள் குடும்பம் அங்கிருந்து கிளம்பியது. இன்று அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி இருக்கிறது. நம் நெகிரி செம்பிலானில் நீலாய், சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று நீங்கள் பார்க்கும் புதிய நகரங்களின் நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம்தான்.

இதை ஏன் அறிவியல் பக்கத்தில் சொல்கிறேன்? உங்களில் பலர் இன்றும் லயத்து வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள், கணினிக்குள்!

'கிளப் பெங்குவின்' என்று சிறுவர்களுக்கான ஓர் இணைய உலகம் இருந்தது. 2005-இல் கனடாவில் தொடங்கி, 2007-இல் டிஸ்னி நிறுவனத்துக்குக் கைமாறியது. பனிவீடு கட்டி, நாற்காலி மேசை வாங்கிப் போட்டு, நண்பர்களைக் கூப்பிட்டு விளையாடிய பிள்ளைகள் உலகம் முழுவதும் இருந்தார்கள். 2017 மார்ச்சில் சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு எல்லா வீடுகளும் போயின. கூகள் 2008 ஜூலையில் 'லைவ்லி' என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. அந்த ஆண்டு டிசம்பர் முடிவதற்குள் அது மூடப்பட்டது. நீங்கள் விளையாடும் மைன்கிராஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. பழைய கணக்கு வைத்திருந்தவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற வேண்டும் என்றார்கள். 2023 செப்டம்பரோடு அவகாசம் முடிந்தது. மாறாதவர்கள், காசு கொடுத்து வாங்கியிருந்தும் உள்ளே போக முடியவில்லை.

அந்த நிறுவனங்கள் தவறு செய்தன என்று சொல்லவில்லை. வீடு அவர்களுடையது, அவ்வளவுதான். அப்படியானால் நமக்கே சொந்தமான ஓர் உலகத்தைக் கட்டி நடத்த முடியுமா? முடியும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

அதன் பெயர் லுவாண்டி. 2010-இல் பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா எழுதத் தொடங்கினார். அப்போது 'மைன்டெஸ்ட்' என்று பெயர். 2024 அக்டோபரில் பெயரை மாற்றினார்கள். ஃபின்னிஷ் மொழியில் 'படைப்பு' என்ற பொருள் தரும் ஒரு சொல்லையும், அதில் பயன்படும் 'லுவா' என்ற நிரல் மொழியின் பெயரையும் சேர்த்து உண்டான பெயர் இது. லுவா, பிரேசில் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1993-இல் பிறந்த மொழி. போர்த்துக்கீசிய மொழியில் லுவா என்றால் நிலா.

லுவாண்டி ஒரு திறந்த மூல மென்பொருள். அதாவது அதன் நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. படிக்கலாம், மாற்றலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். எழுதியவர்கள் நாளைக்கே வேலையை விட்டுவிட்டாலும் உங்கள் கணினியில் இருப்பதை யாரும் வந்து பூட்ட முடியாது.

(இன்னொன்றும் உண்டு. 'ஓப்பன்சிமுலேட்டர்' என்பது 2007-இல் தொடங்கியது. 'செகண்ட் லைஃப்' போன்ற உலகத்தை நாமே நடத்த உதவும். அதில் நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்ற துண்டுகளாக வரும். அமைப்பது சற்றுச் சிரமம் என்பதால், முதல் முறை முயல்பவர்களுக்கு லுவாண்டியைத்தான் சொல்வேன்.)

சரி, இந்த உலகம் எதனால் ஆனது? ஒரு மீட்டர் கனசதுரங்களால். மண் ஒரு கட்டை, தண்ணீர் ஒரு கட்டை, வெறும் காற்றும்கூட ஒரு கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் கணினி 4 பைட் ஒதுக்குகிறது. இரண்டு பைட்டில் அது என்ன பொருள் என்பதற்கான எண், ஒரு பைட்டில் அதன் மேல் விழும் வெளிச்சம், மீதி ஒரு பைட்டில் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது போன்ற விவரம். 16 × 16 × 16 என்று 4,096 கட்டைகளை ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், 32 மீட்டர் உயரமுள்ள ஒரு தோட்டம். 1,000 × 1,000 × 32 = 3 கோடியே 20 லட்சம் கட்டைகள். நான்கால் பெருக்கினால் 12 கோடியே 80 லட்சம் பைட், அதாவது 128 மெகாபைட். வட்டில் எழுதும்போது இது மிகவும் சுருங்கிவிடும். காற்று, காற்று, காற்று என்று ஆயிரம் முறை எழுதுவதற்குப் பதிலாக 'காற்று, ஆயிரம்' என்று எழுதிவிடலாம் அல்லவா, ஏறக்குறைய அந்த உத்திதான். ஒரு முழுத் தோட்டமும் உங்கள் பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும். இந்த உலகத்தின் எல்லை நீளத்தில் 62 கிலோமீட்டர், அகலத்திலும் அவ்வளவே. பெருக்கிப் பாருங்கள், 3,844 சதுர கிலோமீட்டர். நெகிரி செம்பிலானின் பரப்பு 6,600 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாநிலத்தில் பாதிக்கு மேல் உள்ளே அடங்கும்!

புதிய உலகத்தைத் தொடங்கியதும் மலை, ஆறு, காடு எல்லாம் தானாக உருவாகும். இந்த மலைகளை யாரும் கையால் வரையவில்லை. கென் பெர்லின் என்ற அமெரிக்கர் 1982-இல் வெளிவந்த 'ட்ரான்' என்ற திரைப்படத்துக்கு வேலை செய்தவர். கணினிப் படங்கள் துடைத்து வைத்த பிளாஸ்டிக் போல இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டில் ஒரு கணித வழியைக் கண்டுபிடித்தார். வரைதாளின் ஒவ்வொரு புள்ளியிலும் ஏதோ ஒரு சரிவைக் குருட்டாம்போக்கில் வைத்து, நடுவில் உள்ள இடங்களை மெதுவாக இணைத்துவிடுவது. பெரிய அலை, அதன் மேல் சின்ன அலை, அதன் மேல் இன்னும் சின்ன அலை என்று கூட்டினால் நம் ஊர்க் குன்றுகளைப் போலவே ஏற்ற இறக்கம் வரும். இதற்காக 1997-இல் அவருக்குத் திரைப்படத் தொழில்நுட்பத்துக்கான அகாடமி விருது கிடைத்தது. தொடங்கும்போது கொடுக்கும் ஓர் எண்தான் விதை. ஒரே விதையை ஒரே அமைப்பில் போட்டால் சிரம்பானில் முளைக்கும் மலை சென்னையிலும் அப்படியே முளைக்கும்.

என் மாணவர்கள் ஐந்து பேருக்கு அந்தக் கற்பனை மலை பிடிக்கவில்லை. "சார், நம்ம தோட்டத்து மேடு வேணும்" என்றார்கள். அதற்கும் வழி இருக்கிறது. 2000 பிப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி, ராடார் அலைகளை அனுப்பித் தரையின் உயரத்தை அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்தத் தரவு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் இருக்கிறது. அதை லுவாண்டி நிலமாக மாற்றித் தரும் கூடுதல் நிரல்களும் உண்டு. அவற்றை 'மோட்' என்பார்கள். டென்மார்க் அரசு தன் நாடு முழுவதையும் 2014-இல் மைன்கிராஃப்ட்டுக்குள் கொண்டுவந்ததும் இப்படித் தன்னிடமிருந்த நில அளவைத் தரவை வைத்துத்தான்.

ஆனால் நம் ஊருக்கு அந்த ராடார் தரவை அப்படியே நம்பக் கூடாது. அந்த ராடார் அலை அடர்ந்த மரக்கூட்டத்தை முழுவதும் ஊடுருவித் தரைக்குப் போவதில்லை. பெரும்பகுதி இலைப்பரப்பிலும் கிளைகளிலும் பட்டே திரும்பிவிடுகிறது. ஆகவே 2000-இல் உயர்ந்த பால்மரங்கள் நின்ற இடம் உண்மையைவிட மேடாகத் தெரியும். மறுநடவுக்காக மரங்களை வீழ்த்திய இடம் பக்கத்திலேயே பள்ளமாகத் தெரியும். என் மாணவி ஒருத்தி திரையில் ஒரு நேர்கோட்டுச் சரிவைக் காட்டி, "இங்க பள்ளமே கிடையாதுன்னு எங்க பாட்டி சொல்றாங்க சார்" என்றாள். பாட்டி சொன்னது சரி, விண்ணோடம் பார்த்தது மர உச்சியை!

அடுத்து மரம். தோட்டம் என்றால் பால்மரம் இல்லாமல் எப்படி? லுவாண்டிக்கு 'டெக்னிக்' என்றொரு மோட் இருக்கிறது. அதில் ரப்பர் மரமும் உண்டு, பால் எடுக்கும் கருவியும் உண்டு. கருவியால் அடிமரத்தைத் தட்டினால் பால் கையில் வந்துவிடும், மரம் காலியாகும். சிறிது நேரம் கழித்துத் தானாக நிரம்பும். அந்தப் பாலை அடுப்பில் வைத்துச் சுட்டால் ரப்பர்!

இதைப் பார்த்த என் மாணவன் ஒருவனின் தாத்தா சிரித்துவிட்டாராம். அவர் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். அவர் சொன்ன குறைகளை மாணவன் எழுதிக்கொண்டு வந்தான். அந்தத் தாளைப் பார்த்தால் அது முழுக்க முழுக்கத் தாவரவியல் பாடம்.

முதல் குறை, நேரம். பால் காலையில்தான் நன்றாக வரும். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் உள்ளன. இரவில் இலைகள் வழியே நீராவிப்போக்கு குறைவு. அதனால் குழாய்களுக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும். வெட்டியதும் பால் பாய்ந்து வரும். வெயில் ஏற ஏற நீராவிப்போக்கு கூடி அழுத்தம் குறையும். பெரட்டுக் களத்தில் விடியும் முன்பே பேர் கூப்பிட்டதற்குக் காரணம் கங்காணியின் கண்டிப்பு மட்டும் இல்லை.

இரண்டாவது, இடம். பால் அடிமரத்தின் கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. கட்டை வரை உளி பட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெட்டும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். நுண்குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடாமல் மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்ந்து செல்வதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும்.

மூன்றாவது, ஓய்வு. இன்று வெட்டிய மரத்தை நாளைக்கு விட்டு மறுநாள் வெட்டுவார்கள். இழந்த பாலைச் செல்கள் மீண்டும் உண்டாக்க அவ்வளவு நேரம் வேண்டும். நான்காவது, மழை. பட்டை ஈரமானால் பால் கோட்டில் ஓடி மங்குக்குள் விழாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். கடைசியாக, அடுப்பில் வைத்துப் பால் ரப்பர் ஆகாது. ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைக்க வேண்டும், உருட்டித் தகடாக்க வேண்டும், புகையில் காய வைக்க வேண்டும்.

இங்கேதான் திறந்த மூலத்தின் பயன் தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் விளையாட்டாக இருந்தால் "தப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். இதில் நிரலைத் திறந்து திருத்தலாம்.

மாணவர்கள் செய்தது இதுதான். லுவாண்டியில் நேரம் 0-இலிருந்து 1 வரை உள்ள ஓர் எண். நள்ளிரவு 0, நண்பகல் 0.5. காலை 5 மணி என்றால் 5-ஐ 24-ஆல் வகுத்து 0.208. 10 மணி என்றால் 0.417. மரத்தைத் தட்டும்போது நேரத்தைப் பார், இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்தால் முழுப் பால் கொடு, தாண்டினால் குறை, என்று ஒரு 'ஆனால்–இல்லையேல்' நிபந்தனை. அடுத்து, கட்டைகளுக்குள் சிறு குறிப்பு எழுதி வைக்கும் வசதி உண்டு. ஒவ்வொரு மரத்திலும் கடைசியாக வெட்டிய நாளின் எண்ணை எழுதி வைத்தார்கள். இன்றைய நாள் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் 2-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் பால் கிடையாது. படிவம் இரண்டில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். மழைக்கு இன்னும் எழுதவில்லை.

விளையாடிப் பார்த்தபோது ஒரு சிக்கல். லுவாண்டியின் ஒரு நாள் நம் 20 நிமிடம்; அதாவது அதன் நேரம் நம் நேரத்தைவிட 72 மடங்கு வேகமாக ஓடும். ஒரு மணி நேரம் வெறும் 50 நொடி. காலை 5 முதல் 10 வரை மொத்தம் 250 நொடி, நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் எத்தனை மரம் வெட்ட முடியும்? கெட்டிக்கார மாணவன் 40-ஐத் தாண்டவில்லை. தாத்தாவின் ஒரு நாள் வெட்டு 400, 500 மரங்கள். வேகத்தை அமைப்பில் குறைக்கலாம் என்றேன். "வேண்டாம் சார், கஷ்டம் தெரியட்டும்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

இனி, நடத்துவது எப்படி என்று பார்ப்போம். ஒரு கணினி சர்வர், அதாவது வழங்கி. 4 கிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினி போதும். லுவாண்டியைத் திறந்து, முதலில் உள்ளிருக்கும் பட்டியலிலிருந்து ஒரு விளையாட்டை இறக்கி, உலகம் ஒன்றைத் தொடங்கி, சர்வராக நடத்தும் பெட்டியில் குறியிட்டால் முடிந்தது. மற்றவர்கள் அந்தக் கணினியின் ஐபி முகவரியையும் 30000 என்ற வாயில் எண்ணையும் கொடுத்து உள்ளே வரலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்தும் வரலாம். எல்லாரும் ஒரே ரௌட்டரில் இணைந்திருந்தால் போதும், இணையமே தேவையில்லை. பஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உலகத்தின் உண்மை நிலவரம் சர்வரிடம் மட்டுமே இருக்கும். நீங்கள் ஒரு கல்லைப் பெயர்த்தால், "பெயர்த்துவிட்டேன்" என்ற செய்திதான் சர்வருக்குப் போகிறது. அது சரிபார்த்து, ஒத்துக்கொண்டு, எல்லாருக்கும் அறிவிக்கும். சில நேரம் பெயர்த்த கல் மறுபடி முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கைப்பேசி முந்திக்கொண்டு காட்டியதைச் சர்வர் ஏற்கவில்லை என்று பொருள்.

ஆகவே சர்வர் வைத்திருப்பவர்தான் இங்கே நிர்வாகம். யார் கட்டலாம், யார் பேசலாம், யார் பறக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் உரிமை கொடுப்பதும் பறிப்பதும் அவர் கையில். டென்மார்க்கில் என்ன நடந்தது தெரியுமா? வெடி வைக்க முடியாதபடி தடுத்திருந்தார்கள். வெடி ஏற்றிய தள்ளுவண்டியைத் தடுக்க மறந்துவிட்டார்கள். சில குறும்பர்கள் அதை வைத்து ஊரின் ஒரு பகுதியைத் தகர்த்து, அமெரிக்கக் கொடியும் நட்டுவிட்டார்கள். எங்கள் உலகத்திலும் ஒரு நாள் கோயில் கோபுரம் காணாமல் போனது. லுவாண்டியில் யார், எப்போது, எந்தக் கட்டையை மாற்றினார் என்று பதிந்து வைத்துப் பின்னோக்கிச் சரிசெய்யும் வசதி உண்டு; ஆனால் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தோம். கோபுரம் திரும்பி வந்தது. செய்தவர் யார் என்பதும் தெரிந்தது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த வாரம் லயத்துக் கால்வாயை வெட்டும் வேலையை அவருக்குத்தான் கொடுத்தோம்.

வெளி இணையத்துக்கு வாயிலைத் திறந்துவிடாதீர்கள். பள்ளிக்குள், வீட்டுக்குள் போதும். விளையாட்டில் சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் வையுங்கள். மற்ற இடத்தில் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாக ஒரு வெட்கக்கேடு. எங்கள் முதல் தோட்டம் இப்போது இல்லை. இரண்டு மாதம் கட்டியது. இரண்டு வரிசை லயம், ஆயாக் கொட்டகை, குன்றின் மேல் துரை பங்களா எல்லாம் முடிந்திருந்தன. அது என் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதன் வன்தட்டு செத்துப்போனது. மாணவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொந்த வீடு என்று அவ்வளவு பேசிய நான் கூரைக்கு ஓடு போடவில்லை! லுவாண்டியின் உலகம் ஒரே ஒரு கோப்புறைதான். சர்வரை நிறுத்திவிட்டு அதை நகல் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் நகல் பழுதாகலாம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு பென்டிரைவில் நகல் எடுக்கிறோம். ஒன்று என்னிடம், இன்னொன்று முறை வைத்து ஒரு மாணவர் வீட்டில்.

இரண்டாவது தோட்டம் பாதி எழும்பியிருக்கிறது. இந்த முறை முதலில் பெரியவர்களிடம் தாளில் வரைபடம் வாங்கிக்கொண்டோம். பொதுக் கிணறு எங்கே இருந்தது என்பதில் இரண்டு பாட்டிகளுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. ஒருவர் கோயிலுக்குப் பின்னால் என்கிறார், மற்றவர் பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் என்கிறார். இப்போதைக்கு இரண்டு இடத்திலும் தோண்டி வைத்திருக்கிறோம்.